ஸ்டூல் இருக்கிறது, உட்காரத்தான் விடமாட்டேன் என்கிறார்

கேள்வி: மதுரை மாசி வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். காலை 9.30க்கு நின்றால் இரவு 9 வரை நிற்க வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். ஆளே வராத மத்தியான நேரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்ததற்கு ஃப்ளோர் மேனேஜர் எல்லோர் முன்னாலும் திட்டி, சம்பளத்தில் 200 ரூபாய் பிடித்துவிட்டார். காலில் நரம்பு புடைத்திருக்கிறது என்றேன். "முடியலைன்னா ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போ" என்கிறார். என்ன செய்வது?
- வாசகி, திருமங்கலம்

பதில்: எது செய்தாலும் அந்த ராஜினாமாவை மட்டும் எழுதாதீர்கள். வெள்ளைத்தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். என்னிடம் வரும் கடை ஊழியர்களில் பலர் இதைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இன் 41ஆவது பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத நோட்டீஸும் (அல்லது அதற்கான சம்பளமும்) இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது. தவறு செய்தார் என்று நீக்குவதானால் விசாரணை வைக்க வேண்டும். நீக்கினால் மேல்முறையீடும் உண்டு. ஆனால் "சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்" என்று நீங்களே எழுதிவிட்டால் நீக்கினார்கள் என்ற பேச்சே போய்விடும். மேனேஜருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் 'போ' என்று சொல்லாமல் 'எழுதிக் குடுத்துட்டுப் போ' என்கிறார்.

சரி, ஸ்டூலுக்கு வருவோம். 2021இல் இதே சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரவும் வேண்டும் என்பதுதான் அது. கேரளம் 2018இலேயே கொண்டுவந்துவிட்டது. இருக்கையைப் போட்டுவிட்டு உட்காரக் கூடாது என்றால், ஆய்வாளர் வந்தால் காட்டுவதற்கா அந்த ஸ்டூல்? சட்டம் கொடுத்த உரிமைக்கு அபராதம் போட்டால் அது நிற்காது.

இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். அரை மணி நேரம் போக நீங்கள் பார்ப்பது 11 மணி நேர வேலை. சட்டப்படி நாளுக்கு 8, வாரத்துக்கு 48. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54தான். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கினால் ஒரு மணி நேர இடைவேளை தர வேண்டும்.

மேனேஜரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அவரும் சம்பளத்துக்கு இருப்பவர்தான். சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது முதலாளி. முதலாளி பெயருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள்: தேதி, நேரம், பிடித்த தொகை, கால் வலி. திட்டியதையும் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதலாம். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். உங்களோடு இன்னும் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் நல்லது. தனி ஆளைத்தான் லேசில் வெளியே தள்ள முடியும். ஈ.எஸ்.ஐ. இருந்தால் மருத்துவரிடம் காட்டி, நாள் முழுக்க நின்றே வேலை என்பதைச் சீட்டில் குறிக்கச் சொல்லுங்கள்.

இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் கடித நகலோடு மதுரைத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனு கொடுங்கள். அதற்கு வக்கீல் தேவையில்லை. நடுவில் "நாளையிலிருந்து வராதே" என்று வாயால் சொன்னால், மறுநாளும் கடைக்குப் போங்கள். உள்ளே விடாவிட்டால் அன்றைக்கே அதையும் எழுதி முதலாளிக்கு அனுப்பிவிட்டு, தாமதிக்காமல் ஒரு வக்கீலைப் பாருங்கள். மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு.