பழைய தொப்பிகளிலும் உடைகளிலும் வரும் ‘ஆயில் கிளாத்’ என்றால் என்ன?

பருத்தி அல்லது லினன் துணியில் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைப் பலமுறை பூசி உலர்த்தினால் கிடைப்பதே ஆயில் கிளாத். தண்ணீரைப்போல இந்த எண்ணெய் ஆவியாகிவிடுவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து இறுகி, இழைகளின் இடைவெளியை அடைத்துவிடுகிறது. எண்ணெய்ப் புட்டியின் கழுத்தில் வழிந்தது நாளடைவில் மஞ்சள் படலமாக ஒட்டிக்கொள்ளுமே, அதே வேலைதான். மாலுமிகளின் சௌவெஸ்டர் தொப்பி இதில் எனக்கு மிகவும் பிடித்தது: பின்விளிம்பு நீண்டு சரிந்திருப்பதால் மழைநீர் சட்டைக் காலருக்குள் இறங்காமல் முதுகுப்புறம் வழிந்துவிடும். பழையது கிடைத்தால் தயவுசெய்து மடிக்காதீர்கள். மடித்த கோட்டிலேயே வெடித்துவிடும். இன்று அதே பெயரில் விற்கும் மேசைவிரிப்புத் துணியை இதுவென்று எண்ணிவிட வேண்டாம், அது பெரும்பாலும் பிவிசி பூசியது.