அப்பாவின் கல்லில் மகள்: பரோட்டா கேள்வி பதில்

விருதுநகர் பக்கம் அப்பா நடத்திய பரோட்டாக் கடையில் இப்போது நான்தான் மாஸ்டர். வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, எங்கள் அப்பாவும் மாஸ்டர்தான். கற்றுக்கொடுங்கள் என்றால் கல் பக்கமே வராதே என்கிறார். எங்கே தொடங்குவது?

பதில்: உருண்டையில் தொடங்கு. என்னையும் எட்டு மாதம் உருண்டை பிடிக்க மட்டும்தான் விட்டார். விரட்டத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஆனால் கை பழகியது அந்த எட்டு மாதத்தில்தான். ஒரு கிலோ மைதாவுக்கு 500 முதல் 550 மில்லி தண்ணீர், 15 கிராம் உப்பு, கொஞ்சம் எண்ணெய். மூட்டைக்கு மூட்டை மைதா தண்ணீர் குடிப்பது மாறும், அதைக் கைதான் சொல்லும். 80 கிராம் உருண்டையாகப் பிடித்தால் ஏறக்குறைய 20 வரும். தராசு இல்லாமல் இருபதும் ஒரே அளவில் வரும் நாளில் அப்பாவிடம் மறுபடி கேள். முக்கியமாக, உருண்டை மேல் எண்ணெய் தடவி ஈரத்துணி போட்டு மூடு. மூடாத மாவு காய்ந்து ஏடு கட்டும். ஏடு கட்டினால் வீச்சில் கிழியும்.

கேள்வி: மாவில் முட்டை சேர்க்க வேண்டுமா?

பதில்: நாங்கள் சேர்ப்பதில்லை. சேர்த்து நன்றாகப் போடுபவர்களும் உண்டு.

கேள்வி: நாற்பது வருஷமா கல்லுல நிக்கிறேன்மா. கோவிச்சுக்காதே, பொம்பளைப் புள்ளை கைக்கு வீச்சு வராது. தோள் பலம் வேணும்.

பதில்: கோபமெல்லாம் இல்லை அண்ணாச்சி. ஆனால் 80 கிராம் மாவை வீசத் தோள் பலம் எதற்கு? மைதாவில் இருக்கும் புரதம் தண்ணீர் பட்டுப் பிசையப் பிசைய வலை மாதிரி பின்னிக்கொள்கிறது. பிசைந்த உடனே அந்த வலை முறுக்கிக்கொண்டு நிற்கும், இழுத்தால் ரப்பர் போலச் சுருங்கும். ஊற விட்டால் தளர்ந்து கொடுக்கும். இரண்டு மணி நேரம் ஊறிய உருண்டையைச் சின்னப் பிள்ளைகூட இழுத்துவிடும். அவசரப்பட்டு எடுத்தால் பயில்வானுக்கும் வராது. அப்புறம் மணிக்கட்டைத் திருப்புகிற நேரம் தெரிந்தால் ஓரம் தானே காற்றில் விரியும்.

பலம் வேண்டியது பத்து கிலோ மாவு பிசைய. அதில் ஆண்களுக்கும் மூச்சு வாங்கும். அதனால்தான் பல கடைகளில் பிசைய மெஷின் வந்துவிட்டது.

எனக்குத் தடையாக இருந்தது கல்மேடை. அப்பா உயரத்துக்குக் கட்டியது, எனக்கு நெஞ்சுக்குக் கிட்டே வரும். கையைத் தூக்கித் தூக்கியே வீசுவேன். மூன்று மாதம் தோள் வலி. உங்களைப் போல நானும் என் கையில்தான் பலம் இல்லை என்று நம்பினேன். அரையடிப் பலகை போட்டு ஏறி நின்றேன், வலி போய்விட்டது. இன்னொரு தடை, நேரம். சாயங்காலம் கல் காய்ந்தால் நடுராத்திரி ஆகும். ‘யார் போய்க் கூட்டிவருவது?’ என்று வீட்டில் தினமும் கேட்டார்கள். அதற்குத் தோள் பலத்தால் என்ன செய்ய முடியும், அண்ணாச்சி?

கேள்வி: அதே மாஸ்டர்தான்மா. ஊறப் போடுறது எங்களுக்கும் தெரியும். கூட்டம் நெருக்கும்போது நேரம் ஏது?

பதில்: நியாயம். ஐந்து மணி வியாபாரத்துக்கு இரண்டு மணிக்குப் பிசைகிறேன். ராத்திரிக் கூட்டத்துக்கான மாவை, முதல் கூட்டம் வரும் முன்பே பிசைந்து உருட்டி மூடிவிடுவேன். அதையும் தாண்டிக் கூட்டம் வந்தால் ‘முடிந்துவிட்டது’ என்று சொல்லிவிடுவேன். அப்பா சொல்ல மாட்டார். அதில் நீங்கள் அவர் கட்சி.

கேள்வி: மைதா சாப்பிட்டால் சர்க்கரை நோய் வருமா?

பதில்: டாக்டரைக் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது கொழுப்பு விஷயம். எண்ணெய், வனஸ்பதி எதிலும் இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்பது 2022 ஜனவரி முதல் விதி. உதிரியாக விற்பதை வாங்காதீர்கள்.

கேள்வி: வீசும்போது நடுவில் கிழிகிறது.

பதில்: ஈரத்துணி. மேலே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் உருண்டை மேல் தோல் மாதிரி வருகிறது, ஏன்?

பதில்: ஈரத்துணி!

கேள்வி: பாக்கெட் பரோட்டா விற்கலாம் என்றிருக்கிறேன். வரி எவ்வளவு?

பதில்: 2020இல் எதற்கு எவ்வளவு ஜிஎஸ்டி என்று முன்கூட்டியே சொல்லும் கர்நாடக முன்தீர்ப்பு ஆணையம், பரோட்டா ரொட்டி வகையில் சேராது, 18 சதவீதம் கட்டு என்றது. நாங்களும் அதை ரொட்டி என்று என்றைக்குச் சொன்னோம்! 2025 செப்டம்பர் 22 முதல் பாக்கெட் பரோட்டாவுக்கு ஜிஎஸ்டி இல்லை. மற்றதை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: அப்பா எப்போது கல்லை உங்களிடம் கொடுத்தார்?

பதில்: எங்கே கொடுத்தார்? ஒரு முகூர்த்த நாள் ராத்திரி அவர் கையில் எண்ணெய் தெறித்துக் கொப்பளித்துவிட்டது. வேறு ஆள் இல்லை. ‘நீ போடு’ என்றார். நூற்றைம்பது போட்டேன். முதல் பத்து வட்டமாகவே இல்லை, அதைக் கொத்துக்கு ஒதுக்கினார். மறுநாள் போனால், நான் ஏறி நிற்கும் பலகை ஆடாமலிருக்க அடியில் கட்டை வைத்து ஆணி அடித்திருந்தது. நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கேள்வி: ஈரத்துணி என்றால் எந்தத் துணி?

பதில்: பழைய வேட்டி. துவைத்தது. நன்றாகப் பிழியுங்கள், தண்ணீர் சொட்டக் கூடாது.