குழு வேலை: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

வணக்கம். இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் 9 வருஷம், அப்புறம் திட்டமிடல் பிரிவில் 12 வருஷம் வேலை பார்த்திருக்கிறேன், அதில் கடைசி 7 வருஷமாக 11 பேர் கொண்ட குழுவுக்குப் பொறுப்பாளர். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கெட்டிக்காரர்கள் நிறைந்த குழுக்களிலும் பெரிய சொதப்பல்களைப் பார்த்திருக்கிறேன், ஒருவருக்குத் தெரிந்த விஷயம் பக்கத்து நாற்காலிக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் அநேகமாக எல்லாவற்றுக்கும் காரணம். அதனால் என் பதில்கள் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது அக்கா. சந்தேகம் கேட்கப் பயமாக இருக்கிறது. எல்லோரும் பிஸியாக இருக்கிறார்கள், இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிடுவார்களோ?

இப்போது கேளுங்கள் தம்பி. மூன்றாவது வாரத்தில் கேட்டால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள், அதே கேள்வியை எட்டாவது மாதத்தில் கேட்டால்தான் நெற்றியைச் சுருக்குவார்கள். முதலில் 20 நிமிஷம் நீங்களே முட்டி மோதிப் பாருங்கள். அப்புறம், பார்த்ததைச் சேர்த்தே கேளுங்கள்: "இந்த அறிக்கையில் போன மாதக் கணக்கு வரவில்லை, தேதியை மாற்றிப் பார்த்தேன், பழைய கோப்பிலும் தேடினேன், இரண்டிலும் இல்லை, வேறு எங்கே பார்க்கணும்?" இப்படிக் கேட்பவரிடம் யாரும் எரிந்து விழுந்து நான் பார்த்ததில்லை. "இது வரமாட்டேங்குது" என்று மட்டும் வந்து நின்றால், எதிரில் இருப்பவர் தன் வேலையை நிறுத்திவிட்டு உங்கள் வேலையை ஆரம்பத்திலிருந்து செய்ய வேண்டும், எரிச்சல் அங்கேதான் வருகிறது. கிடைத்த பதிலை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், ஒரே சந்தேகத்தை இரண்டு தடவை கேட்காமல் இருந்தாலே பாதி மரியாதை வந்துவிடும்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் "யாராவது இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்று போட்டால் ஆளாளுக்குக் கட்டைவிரல் காட்டுகிறார்கள், வேலை மட்டும் நடப்பதில்லை.

அது அவர்களின் சோம்பேறித்தனம் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். 1968இல் டார்லி, லட்டானே என்று இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்து, கருவி வழியாகப் பேசிக்கொள்ளச் சொன்னார்கள், பேச்சுக்கு நடுவே ஒருவருக்கு வலிப்பு வந்துவிட்டது போலக் குரல் கேட்கும், உண்மையில் அது பதிவு செய்து வைத்த குரல். தான் ஒருவர் மட்டுமே அதைக் கேட்கிறோம் என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் ஓய்வதற்குள் எழுந்து போய் உதவி கேட்டார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். இதில் என் மனதில் தைத்தது வேறு. எழுந்து போகாதவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை, கை நடுங்க, வியர்த்துப் போய் உட்கார்ந்திருந்தார்கள். வேறு யாரோ போயிருப்பார்கள் என்ற எண்ணம் அவர்களைக் கட்டிப்போட்டுவிட்டது.

உங்கள் குழுவிலும் அதுதான் நடக்கிறது. ஆள் பெயர், என்ன வேலை, எத்தனை மணிக்குள் என்று மூன்றையும் எழுதுங்கள். யார் செய்வது என்று உங்களுக்கே தெரியவில்லை என்றால், "இன்று மாலை 4 மணி வரை யாரும் எடுக்காவிட்டால் நான் ஒருவருக்குக் கொடுக்கிறேன்" என்று போடுங்கள். கட்டைவிரல் விஷயத்தில் எங்கள் குழுவில் ஒரு ஒப்பந்தம் உண்டு. கட்டைவிரல் என்றால் படித்துவிட்டேன் என்று மட்டும்தான் அர்த்தம், வேலையை எடுத்துக்கொள்பவர் "நான் செய்கிறேன், நாளை மதியம் முடியும்" என்று எழுத்தில் சொல்ல வேண்டும். இது பழக்கத்துக்கு வர ஒரு மாதம் ஆனது, ஆனால் அதற்கப்புறம் பாதித் தொல்லை போய்விட்டது.

ஐந்து பேரில் ஒருவர் வேலையே செய்வதில்லை. அவருடைய பங்கையும் நாங்கள் இழுக்கிறோம். மேலாளரிடம் போட்டுக்கொடுத்ததாக ஆகிவிடுமோ என்று சும்மா இருக்கிறோம்.

மாக்ஸ் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் நூறு வருஷத்துக்கு முன்பே கயிறு இழுக்க வைத்து அளந்து பார்த்திருக்கிறார், 1913இல் முடிவுகளை வெளியிட்டார். ஆள் கூடக் கூட ஒவ்வொருவரும் இழுக்கும் விசை குறைகிறது, எட்டுப் பேர் சேர்ந்தால் ஆளுக்குப் பாதி அளவுதான் தேறுகிறது. எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காததால் போகும் விசையும் அதில் உண்டு. ஆனால் 1974இல் வேறு சிலர் கண்ணைக் கட்டிவிட்டு, பின்னால் ஆட்கள் இழுப்பதாக நம்ப வைத்து, ஒருவரை மட்டும் இழுக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அப்போதும் குறைந்தது. யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று தெரியாத இடத்தில் மனிதக் கை தானாகவே தளர்கிறது.

ஆகவே என் முதல் கேள்வி, அவருடைய பங்கு என்ன என்று உங்களில் யாராவது தெளிவாகச் சொல்ல முடியுமா? "ஐந்து பேரும் சேர்ந்து அறிக்கை தயார் செய்யணும்" என்று இருந்தால் அவருக்கு என்று ஒரு பங்கே இல்லை. அதை முதலில் பிரியுங்கள்.

பிரித்த பிறகும் அப்படியே என்றால், யாராவது ஒருவர் அவரிடம் தனியாகப் பேசுங்கள், நான்கு பேரும் சூழ்ந்துகொண்டு வேண்டாம். "நீ வேலையே செய்யறதில்ல" என்று ஆரம்பித்தால் அவர் தன் பக்க நியாயத்தைத்தான் பேசுவார். "செவ்வாய்க்கிழமை வரவேண்டிய பட்டியல் வியாழன்தான் வந்தது, அதனால் நானும் இன்னொருவரும் இரவு 9 மணி வரை உட்கார்ந்தோம், இந்த வாரம் என்ன ஆச்சு?" என்று நடந்ததைச் சொல்லுங்கள், சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். நான் இப்படிப் பேசியபோது ஒருவர் அந்த மென்பொருளையே சரியாகக் கற்றுக்கொள்ளவில்லை, சொல்ல வெட்கப்பட்டு மூன்று மாதமாகத் தட்டிக்கழித்திருக்கிறார் என்பது வெளியே வந்தது. இரண்டு மதியம் சொல்லிக் கொடுத்தோம், சரியாகிவிட்டது. எல்லோரும் அப்படி இருக்க மாட்டார்கள், சரி. இரண்டு தடவை பேசியும் மாறவில்லை என்றால் மேலாளரிடம் போங்கள், அதற்குப் பெயர் போட்டுக்கொடுப்பது இல்லை. ஆளைப் பற்றி எதுவும் சொல்லாமல், எந்த வேலை எத்தனை நாள் தாமதம், யார் ஈடுகட்டினார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். போவதற்கு முன் அவரிடமும் "நான் இதை மேலே சொல்லப் போகிறேன்" என்று சொல்லிவிடுங்கள், முதுகுக்குப் பின்னால் போனதாக இருக்கக் கூடாது.

ஷிப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்க ரெஜிஸ்டர் எழுதச் சொல்கிறார்கள். வாயால் சொன்னால் போதாதா?

போதாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், ஒரு இயந்திரத்துக்கு எண்ணெய் போகும் வால்வை மூடிவிட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், ஷிப்ட் முடிந்துவிட்டது. அடுத்த ஷிப்ட்காரர் உள்ளே வந்துகொண்டே காதில் கைப்பேசியோடு இருந்தார், "வால்வு மூடியிருக்கு, பார்த்துக்கங்க" என்றேன், அவர் தலையாட்டினார், நான் கிளம்பிவிட்டேன். அவர் தலையாட்டியது கைப்பேசியில் பேசியவருக்கு. எண்ணெய் இல்லாமல் இயந்திரம் ஓடி, பேரிங் இறுகி நின்றுபோனது, இரண்டு நாள் உற்பத்தி இல்லை. யாருக்கும் காயம் படவில்லை, அது எங்கள் அதிர்ஷ்டம்.

அந்த அதிர்ஷ்டம் இல்லாத இடமும் உண்டு. 1988 ஜூலை 6, வட கடலில் பைப்பர் ஆல்பா என்ற எண்ணெய்த் தளம். ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றி, அந்த வாயைத் தற்காலிகமாக ஒரு தகட்டால் மூடியிருந்தார்கள். அதை ஓட்டக் கூடாது என்ற சீட்டு எழுதப்பட்டது, ஆனால் பொறுப்பாளர் வேறு வேலையில் இருந்ததால் நேரில் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனார்கள். இரவு ஷிப்டில் இன்னொரு பம்ப் நின்றுபோக, கழற்றியது தெரியாமல் இதை ஓட்டினார்கள். வாயு கசிந்து வெடித்து 167 பேர் இறந்தார்கள்.

கவனியுங்கள், அங்கே எழுத்து இருந்தது, பேச்சு இல்லை. என் கதையில் பேச்சு இருந்தது, எழுத்து இல்லை. இரண்டும் வேண்டும். இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, எது முடிந்தது, எது பாதியில் நிற்கிறது, எதைத் தொடக் கூடாது என்று சொல்லுங்கள், அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அலுவலக வேலையிலும் இதேதான், விடுப்பில் போகிறவர் பாதியில் விட்ட வேலையை நினைத்துப் பாருங்கள்.

கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் சொன்ன கணக்கு தப்பு என்று எனக்குத் தெரிந்தது. எல்லோர் முன்னாலும் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கணக்கை வைத்து முடிவு எடுக்கும் முன் சொல்லியாக வேண்டும், நேரம் இருந்தால் தனியாக, இல்லாவிட்டால் அங்கேயே. 1978 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் அருகே ஒரு விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. சக்கரக் கோளாறைப் பார்த்துக்கொண்டே கேப்டன் ஒரு மணி நேரம் வட்டமடித்தார், எரிபொருள் குறைவது பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், ஜாடை மாடையாகச் சொல்லவும் செய்தார்கள், அழுத்திச் சொல்லவில்லை. பத்துப் பேர் இறந்தார்கள். விமானக் குழுவினருக்கு வாய்திறந்து பேசவே தனிப் பயிற்சி வந்ததற்கு இந்த விபத்து ஒரு முக்கியக் காரணம்.

மரியாதையாகவே சொல்லலாம்: "சார், ஒரு நிமிஷம். எனக்கு அந்த எண்ணில் ஒரு கவலை. போன காலாண்டுத் தொகை இரண்டு தடவை சேர்ந்திருக்கிறது போலத் தெரிகிறது. முடிவுக்கு முன் அதை ஒருமுறை சரிபார்த்துவிடலாமா?" இதில் "நீங்கள் தப்பு" என்று எங்கேயும் இல்லை, ஆனால் மழுப்பலும் இல்லை. பதில் வராவிட்டால் இன்னொரு தடவை சொல்லுங்கள்.

நான் செய்த ஒரு தவறு, இன்னும் யாரும் கவனிக்கவில்லை. சொல்லணுமா?

இன்றே. என்ன ஆனது, யாரைப் பாதிக்கும், இதுவரை என்ன சரிசெய்தேன், என்ன உதவி வேண்டும் என்று நான்கு வரி போதும், காரணக் கதை அப்புறம்.

குழுவுக்குத் தலைமை தாங்குபவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. 1990களில் ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார், நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார், பதிவான தவறுகள் அங்கே அதிகமாக இருந்தன. தோண்டிப் பார்த்தபோதுதான் அந்தக் குழுக்களில் ஆட்கள் பயமில்லாமல் வெளியே சொல்கிறார்கள் என்று தெரிந்தது. உங்களிடம் ஒருவர் வந்து தவறைச் சொல்லும்போது உங்கள் முகம் போகிற போக்கை மற்ற பத்துப் பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதலில் "வந்து சொன்னதுக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

நான் செய்த வேலைக்குச் சக ஊழியர் பெயர் வாங்கிக்கொள்கிறார்.

வேண்டுமென்றே செய்கிறாரா என்று முதலில் பாருங்கள். ராஸ், சிகோலி என்ற இருவர் 1979இல் கணவன் மனைவியரிடம் வீட்டுப் பொறுப்புகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே கேட்டார்கள், பெரும்பாலான ஜோடிகளில் இருவர் சொன்னதையும் கூட்டினால் முழுசுக்கும் மேலே போனது. அவரவர் பட்ட பாடு அவரவருக்குத்தான் ஞாபகம் இருக்கும். அதனால் வாராவாரம் யார் எதை முடித்தார்கள் என்று எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதும் பழக்கத்தைக் கொண்டு வாருங்கள், நீங்களும் மற்றவர் செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். தெரிந்தே செய்கிறார் என்றால் நேரில் கேட்டுவிடுங்கள், மனதுக்குள் வைத்துப் புழுங்க வேண்டாம்.

மேலே மேலே வேலை தருகிறார்கள். முடியாது என்று சொல்லத் தெரியவில்லை.

"முடியாது" என்று சொல்ல வேண்டியதில்லை. "என் கையில் இந்த மூன்று இருக்கிறது, புதியதை வியாழனுக்குள் முடிக்க இதில் எதைத் தள்ளி வைக்கட்டும்?" என்று கேளுங்கள். எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டு கடைசி நாளில் கைவிரிப்பதுதான் குழுவுக்குச் செய்யும் பெரிய தீங்கு.

இரவு 11 மணிக்கு வரும் செய்திகளுக்குப் பதில் போடணுமா?

அவசரம் என்றால் அழைக்கட்டும். இதை மட்டும் குழுவாகப் பேசி முடிவு செய்யுங்கள், தனியாளாகச் செய்தால் உங்கள் மேல் தப்பாக நினைப்பார்கள்.

வேலையை விட்டுப் போகிறேன் அக்கா. கடைசி இரண்டு வாரம் என்ன செய்வது?

உங்களுக்கு மட்டுமே தெரிந்தவற்றைப் பட்டியல் போடுங்கள். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, மாதம் ஒருமுறை கையால் செய்யும் அந்தச் சின்னத் திருத்தம், எந்த வாடிக்கையாளரை மின்னஞ்சலில் பிடிக்க முடியாது அழைத்தால்தான் பேசுவார், இப்படி. எழுதி முடித்ததும் உங்கள் இடத்துக்கு வருபவரை அதை வைத்துக்கொண்டு வேலையைச் செய்யச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். அவர் எங்கே நின்று உங்களைத் திரும்பிப் பார்க்கிறாரோ, அந்த வரியைத்தான் நீங்கள் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். இதை முதல் வாரத்திலேயே செய்யுங்கள், கடைசி வெள்ளிக்கிழமை மதியம் அதற்கு நேரம் இருக்காது.