மெர்போக் புறாக் கூட்டுக்கு மருந்து அடிக்கலாமா?

கேள்வி: எங்கள் ஐந்தாம் மாடி வீட்டு வராந்தாவில், இரும்பு ஸ்டாண்டில் இருக்கும் காகிதப்பூத் தொட்டிக்குள் மெர்போக் கூடு கட்டி இரண்டு குஞ்சு பொரித்திருக்கிறது. எறும்பு ஏறுகிறது, சாயங்காலமானால் கொசு மொய்க்கிறது. கொசு மருந்து ஸ்பிரே அடிக்கலாமா? கலாபகோஸ் தீவில் கூட்டுக்கு மருந்துப் பஞ்சு வைக்கிறார்கள் என்று பேரன் சொல்கிறான். அதையாவது செய்யலாமா?
— வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: ஸ்பிரே வேண்டவே வேண்டாம் அம்மா. கொசுவத்தியையும் அந்தப் பக்கம் கொளுத்தாதீர்கள். பறவைக்கு நுரையீரலோடு காற்றுப்பைகளும் உண்டு. புகையும் மருந்தும் நம்மைவிட வேகமாக அதன் உடம்பில் ஏறிவிடும். இறகு முளைக்காத குஞ்சுக்கு விலகிப் போகவும் வழியில்லை.

முதலில் எறும்பைக் கவனியுங்கள். நான் புறா வளர்ப்பவன். பொரித்த அன்றே எறும்பு மொய்த்துச் செத்த குஞ்சைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். அந்தக் காலத்துத் தோட்ட வீடுகளில் சாப்பாட்டு அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவார்கள் இல்லையா, அதே வேலைதான். ஸ்டாண்டின் ஒவ்வொரு காலுக்கும் ஒரு கிண்ணம், தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப். சோப் கலந்தால் எறும்பு மிதந்து கடக்காது, கொசுப்புழுவும் பிழைக்காது. அப்புறம், சுவரையோ ஜன்னல் கம்பியையோ தொடும் கிளைகளை வெட்டிவிடுங்கள். ஒரு கிளை தொட்டாலும் எறும்புக்கு அது பாலம். வெட்டுவதைத் தாய் இரை தேடப் போன நேரத்தில் சட்டென்று முடித்துவிடுங்கள். கிரீஸ், எண்ணெய் எதையும் கூட்டுக்குப் பக்கத்தில் பூசக் கூடாது. இறகில் ஒட்டினால் பறவைக்குத்தான் கேடு.

கொசுவலையைக் கூட்டின் மேல் போர்த்தினால் தாய் உள்ளே வர முடியாது. கொசு பிறக்கும் இடத்தை ஒழிப்பதுதான் வழி. தொட்டித் தட்டு, வாளி, ஏர்கான் தண்ணீர் விழும் டப்பா எல்லாவற்றையும் வாரம் ஒரு முறையாவது கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்காக எப்படியும் செய்ய வேண்டிய வேலைதானே. கொசுக்கடியால் பறவைகளுக்கு அம்மை பரவும். கண்ணைச் சுற்றியும் அலகின் ஓரத்திலும் காலிலும் மரு மாதிரி கட்டி தெரிந்தால் அதுவாக இருக்கலாம். மனிதருக்கு அது ஒட்டாது.

பேரன் சொன்னது உண்மைதான். கலாபகோஸில் வெளியிலிருந்து வந்த ஒரு வகை ஈயின் புழுக்கள் கூட்டுக்குள்ளேயே இருந்து குஞ்சுகளின் ரத்தத்தைக் குடிக்கின்றன. ஆய்வாளர்கள் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து ஏற்றிய பஞ்சை வெளியே வைத்தார்கள். குருவிகள் தாமே அதை எடுத்துப்போய்க் கூட்டில் சேர்த்தன. 1 கிராம் அளவுக்குப் பஞ்சு சேர்ந்த கூடுகளில் புழு ஏறக்குறைய இல்லாமல் போனது. 2014இல் அந்த ஆய்வு வெளிவந்தது. அங்கே சில இனங்களே அழியும் நிலை, மருந்தின் அளவும் தெரிந்து செய்தார்கள். உங்கள் வராந்தாவில் அந்த ஈயும் இல்லை, அந்த அவசரமும் இல்லை. விட்டுவிடுங்கள்.

மெர்போக் குஞ்சு இரண்டு வாரத்துக்குள் பறந்துவிடும். தாயும் திரும்பி வராதது உறுதியானதும் கூட்டைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். கூட்டில் தங்கும் உண்ணிகள் இரை கிடைக்காமல் வீட்டுக்குள் வந்து உங்களைக் கடிக்கும். ஸ்டாண்டை வெந்நீர் ஊற்றிக் கழுவுங்கள்.