ஏழு வருடத் தவணையில் சிறிய செடான் வாங்கலாமா?

கேள்வி: நான், மனைவி, இரண்டு வயது மகள் என மூன்று பேர். என் தாயாரும் அடிக்கடி உடன் வருவார். விலை குறைந்த சிறிய செடான் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். விலையில் 20 சதவீதம் கையில் இருக்கிறது. மீதிக்கு 9 சதவீத வட்டியில் ஏழு வருடக் கடன் கிடைக்கும். தவணை, கைக்கு வரும் சம்பளத்தில் 12 சதவீதம். வீட்டுக் கடனுக்கு ஏற்கெனவே 30 சதவீதம் போகிறது. வாங்கலாமா?

பதில்: கார் உங்களுக்குத் தோதானதுதான். இடிக்கிறது கடன்தான்.

வாங்கும் கடன் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். இதே 9 சதவீதத்தில் ஏழு வருடம் கட்டினால் வட்டி மட்டும் 35 வரும். ஐந்து வருடம் என்றால் சுமார் 24.5, நான்கு வருடம் என்றால் 19.5. வட்டியாவது போகட்டும். டயர், பேட்டரி எல்லாம் மாற்ற வேண்டிய வயதை கார் எட்டிய பிறகும் தவணை ஓடிக்கொண்டே இருக்கும். இடையில் விற்க நேர்ந்தால், கிடைக்கும் பணம் பாக்கிக் கடனுக்கே போதாமல் போகலாம்.

அந்த 12 சதவீதத்தில் எரிபொருள், காப்பீடு, சர்வீஸ் எதுவும் சேரவில்லை. அவற்றுக்கு இன்னொரு 6 சதவீதமாவது ஒதுக்குங்கள். வீட்டுக் கடனையும் கூட்டினால் சம்பளத்தில் பாதி, சம்பளம் வந்த அன்றே கரைந்துவிடும்.

எனவே ஒரு வருடம் பொறுங்கள். காரை வாங்கிவிட்டதாகவே நினைத்து, மாதம் பிறந்ததும் அந்த 12, 6 இரண்டும் சேர்ந்த 18 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். மூச்சு முட்டினால் இந்தக் கார் உங்களுக்குப் பெரிது என்று இப்போதே தெரிந்துவிடும், அதுவும் நயா பைசா நஷ்டமில்லாமல். முட்டாவிட்டால், சேர்ந்த பணத்தை முன்பணத்தோடு சேர்த்துவிடுங்கள். விலை ஏறாதிருந்தால், ஐந்து வருடக் கடனிலேயே தவணை 11 சதவீதத்தில் அடங்கிவிடும். அவசரத் தேவைக்கென வைத்திருக்கும் பணத்தை மட்டும் இதில் தொடாதீர்கள்.

"வட்டி வெறும் 6 சதவீதம்தான்" என்று யாராவது ஆசை காட்டினால், பிளாட் ரேட்டா என்று கேளுங்கள். பிளாட் ரேட்டில் நீங்கள் அடைத்துவிட்ட அசலுக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடுவார்கள். ஐந்து வருடக் கடனில் அந்த 6 சதவீதம் உண்மையில் 11 சதவீதத்தை நெருங்கும். இப்போது கிடைக்கும் 9 சதவீதமே மலிவு.

இனி கார். பெரும்பாலும், டிக்கி தனியாகப் பின்னால் நீளாத ஹேட்ச்பேக்கைவிடச் செடானுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் டிக்கிக்கான விலை. எத்தனை லிட்டர் என்ற கணக்கை மட்டும் நம்பாதீர்கள். டிக்கியின் வாய் குறுகலாக இருந்தால் மகளின் தள்ளுவண்டி உள்ளே போகாது. மூடியின் வளைந்த கீல்கள் இறங்கி பெட்டியை நசுக்குவதும் உண்டு. தள்ளுவண்டியையும் குழந்தை இருக்கையையும் ஷோரூமுக்கே கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். குழந்தை இருக்கையைப் பொருத்திய பிறகு, அதன் பக்கத்தில் உங்கள் தாயாரை உட்காரச் சொல்லுங்கள். தாழ்ந்த இருக்கையிலிருந்து அவர் முழங்காலில் கை ஊன்றி எழ வேண்டியிருந்தால், அதே விலையில் சற்று உயரமான ஹேட்ச்பேக்கைப் பார்ப்பதே சரி.

செடான்தான் என்று முடிவானால், சன்ரூஃபுக்காக மேல் வகைக்குப் போக வேண்டாம். ஆறு ஏர்பேக், வழுக்கலில் வண்டியைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி, குழந்தை இருக்கையைக் காரோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் மூன்றும் எந்த வகையில் முதலில் கிடைக்கின்றனவோ, அதை வாங்குங்கள்.