விக்கி பக்கங்களின் அடியில் ஸ்கிரிப்ட் சேர்ப்பது எப்படி?

வருகையாளர் எண்ணிக்கைக்கான ஸ்கிரிப்டை மீடியாவிக்கி (விக்கித் தளங்களை இயக்கும் மென்பொருள்) வார்ப்புருவில், அதாவது பல பக்கங்களில் சேர்த்துப் பயன்படுத்தும் பொதுத் துண்டில், ஒட்டினால், அது ஓடாமல் வெறும் எழுத்தாகப் பக்கத்தில் தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பிழை உங்களுடையது இல்லை. வார்ப்புருவை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதால், ஸ்கிரிப்ட் டேகை மீடியாவிக்கி வேண்டுமென்றே செயலிழக்க வைக்கிறது. கச்சா எச்டிஎம்எல்லை அனுமதிக்கும் அமைப்பு ஒன்று உண்டு. பொதுத் தளத்தில் அதைத் தொடவே தொடாதீர்கள்.

சர்வர் கையில் இருந்தால் லோக்கல்செட்டிங்ஸ் என்ற அமைப்புக் கோப்பில் 'ஸ்கின்ஆஃப்டர்பாட்டம்ஸ்கிரிப்ட்ஸ்' என்ற ஹூக்கை (நம் குறிமுறையை மீடியாவிக்கியில் இணைக்கும் இடம்) பயன்படுத்துங்கள். அதில் எழுதும் ஃபங்ஷனுக்கு இரண்டு மதிப்புகள் வரும்: முதலாவது ஸ்கின் (தளத்தின் தோற்றம்), அடுத்தது பக்கத்தின் அடியில் சேரும் உரை. அந்த உரையின் கடைசியில் உங்கள் ஸ்கிரிப்டை ஒட்டினால் போதும், எல்லாப் பக்கத்தின் அடியிலும் வந்துவிடும். ஒரே ஒரு இடத்தில்தான் பலரும் சறுக்குவார்கள். ஃபங்ஷனில் உரை மாறியின் டாலர் குறிக்கு முன்னால் ஆம்பர்சண்ட் (&) போட மறந்தால், பிழைச் செய்தி எதுவும் வராது, ஸ்கிரிப்டும் வராது! நானே ஒரு மாலை முழுக்க இதைத் தேடியிருக்கிறேன்.

சர்வர் கையில் இல்லையா? சரி, 'மீடியாவிக்கி:காமன்.ஜேஎஸ்' பக்கத்தில் எழுதலாம். அதற்கு இடைமுக நிர்வாகி உரிமை வேண்டும். அங்கே ஸ்கிரிப்ட் டேக் போடக்கூடாது, ஜாவாஸ்கிரிப்ட் மட்டும். புகுபதிகைப் பக்கத்திலும் விருப்பத்தேர்வுகளிலும் அது ஓடாது, பாதுகாப்புக்காகத்தான். சேமித்ததும் மாற்றம் தெரியாவிட்டால் ஐந்து நிமிடம் பொறுங்கள், அது கேஷ் (பழைய நகலைச் சேமித்து வைப்பது) வேலை.

அப்புறம், ஸ்கின் கோப்பையே நேரடியாகத் திருத்தச் சொல்பவர்கள் உண்டு. அடுத்த அப்டேட்டில் அத்தனையும் அழிந்துவிடும்.