சான்றிதழை இணைப்பவர்

மதிப்பிற்குரிய ஐயா,

மருந்து உற்பத்தி நிறுவனமொன்றின் ரெகுலேட்டரி பிரிவில் ஆறு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். ஆய்வகத் தரவுகளையும் மூலப்பொருள் விற்பவர்களின் பகுப்பாய்வுச் சான்றிதழ்களையும் சேர்த்து டோசியர், அதாவது மருந்துக்கு அனுமதி கோரும் ஆவணத் தொகுப்பு, தயாரிப்பதும், கட்டுப்பாட்டு அமைப்புகளின் வினாக்களுக்குப் பதில் எழுதுவதுமே என் வேலை. கருவிலிருந்த குழந்தைகளைப் பாதித்த தாலிடோமைடு மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி மறுத்த அதிகாரி ஃபிரான்சஸ் கெல்சியை நினைத்து இத்துறைக்கு வந்தவள், வெறும் எழுத்தராகிவிட்டேன். சம்பளமும் பெரிதில்லை. ஆராய்ச்சிக்கு மாறிவிடலாமா?

ம.

அன்புள்ள ம.,

சம்பளத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கெல்சியையும் விட்டுவிடுவோம், அவர் அரசுத் தரப்பிலிருந்து கேள்வி கேட்டவர், நீங்கள் பதில் சொல்லும் தரப்பில் இருக்கிறீர்கள். ஒரே வினாவுக்குத் திரும்பத் திரும்பப் பதில் எழுதும் சலிப்பு எனக்குப் புரிகிறது, அம்மா. ஆனால் சான்றிதழ் சேர்ப்பதை எழுத்தர் வேலை என்றீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. சில மாதங்களாக டைஎத்திலீன் கிளைக்கால் என்ற ஒரே நச்சுப்பொருளின் வரலாற்றைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்ற கிருமிக்கொல்லி மருந்தை அதில் கரைத்து, சுவையையும் தோற்றத்தையும் மணத்தையும் மட்டும் சரிபார்த்து விற்றதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விற்பனைக்கு முன் பாதுகாப்பை நிரூபிக்கவேண்டும் என்ற சட்டமே அடுத்த ஆண்டுதான் வந்தது. அன்று சட்டம் இல்லை என்றாவது சொல்லலாம். 2006இல் பனாமாவுக்கு என்ன சமாதானம் சொல்வீர்கள்? சீனாவிலிருந்து ஸ்பெயின் வழியாக அங்கே போய்ச் சேர்ந்த பீப்பாய்களில் இருந்தது இந்த நச்சு. கூடவே போன சான்றிதழோ, சிரப்புகளில் சேர்க்கும் கிளிசரின், 99.5 விழுக்காடு தூயது என்றது. இரண்டும் நிறமற்ற, இனிப்பான, கெட்டியான திரவங்கள், நச்சு மலிவானது. சரக்கு கைமாறியபோது தாளில் பெயர்கள் மாறினவே தவிர, வழியில் ஒருவரும் பீப்பாயைத் திறந்து சோதிக்கவில்லை. அது இருமல் மருந்தாகி, குடித்தவர்களின் சிறுநீரகத்தை அழித்தது. அந்தத் தாளை வாங்கி அடுத்தவருக்கு அனுப்பிய ஒவ்வொருவரும் தம்மை எழுத்தர் என்றுதான் எண்ணியிருப்பார்கள். அந்த வசதியான அடக்கத்தை நீங்களும் கைக்கொள்ளவேண்டாம்.

கிளிசரினில் இந்த நச்சு 0.10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று உங்கள் டோசியரில் ஒரு வரி இருக்குமே, மருந்துத் தரநிலை நூலான பார்மகோபியாவிலிருந்து நீங்கள் பிரதியெடுத்து ஒட்டும் வரி, அது இப்படிப்பட்ட சாவுகளைத் தடுக்கத்தான் இருக்கிறது. விற்பவரின் தாளை நம்பாமல் மருந்து செய்பவரே சோதிக்கவேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2007இல் வலியுறுத்தியது. அப்படியும் 2022இல், காம்பியாவில் குழந்தைகள் இறந்தபின், நான்கு சிரப்புகளில் இதே நச்சு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்க வேண்டியிருந்தது.

ஆராய்ச்சிக்குப் போக விரும்பினால் போங்கள், தடுக்கமாட்டேன். அதற்குமுன், உங்கள் மேசையில் இப்போது இருக்கும் டோசியரில் கிளிசரினுக்குரிய பக்கத்தை எடுத்து, அதிலுள்ள எண் உங்கள் ஆலையே சோதித்துக் கண்டதா, விற்றவர் அனுப்பியதா என்று பாருங்கள். விற்றவருடையது என்றால், அது வெளியே போகுமுன் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிடம் எழுத்துமூலம் கேளுங்கள்.